வெளி யூனிட்

சித்திரையில் கொழும்பு
ஈரத்துணியை முகத்தில் போட்டு மூடின மாதிரி.
எனக்கு அதுதான் அறுவடை.
கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை
ஒரு நாளைக்கு ஏழு வீடு, சில நாள் எட்டு.
ஏணி, காஸ் சிலிண்டர், நிஸ்தாரின் விசில்,
பின்கதவு சரியாகப் பூட்டாத வெள்ளை வேன்.

குளிர் எனக்கு ஓர் எண்.
பதினாறுக்கும் முப்பதுக்கும் நடுவில்
விரல் நுனியில் ஏறி இறங்கும்.
கறுவாத்தோட்டத்து அம்மையார்
பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பார்.
"குளிர் காணாது தம்பி" என்பார்,
போர்வைக்குள் இருந்தபடி.

புத்தாண்டு லீவு தொடங்கின அன்று
பிலோமினா சொன்னாள்:
ஊருக்கெல்லாம் குளிர் விக்கிறீங்க,
எங்களுக்கும் ஒரு நாள் காட்டுங்களேன்.

சாமான்களை இறக்காமலே கிளம்பினோம்.
அவிசாவளை, கித்துல்கலை, ஹற்றன்.
ஜெரூஷா கையில்லாத பூச்சட்டையில்,
நான் ரப்பர் செருப்பில்.
சித்திரை வெயில் நாட்டுக்கே பொது என்று
நினைத்திருந்தேன்.

நானுஓயா தாண்டியதும் கடலை கடலையாய் ஆலங்கட்டி.
வைப்பர் அள்ளித் தள்ளியது,
பிள்ளை கைதட்டியது.
அதோடு சிரிப்பு முடிந்தது.

சீசனாம்.
ஓர் அறைக்கு என் பத்து சர்விஸ் காசு கேட்டார்கள்;
யோசித்துவிட்டுத் திரும்பிப் போனால்
அதுவும் இல்லை என்றார்கள்.
சுவெட்டர்க் கடைக்காரன்
கடைசித் தகரத்தையும் இழுத்துப் பூட்டிவிட்டான்.
கிறகரி வாவியோரம்
குதிரைச் சாணம் மணக்க வேனை நிறுத்தினேன்.

பழக்கதோஷம்.
வெப்பமானியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
ஒன்பது தசம் நாலு.
நன்றாகக் கழுவி காஸ் நிரப்பின மெஷினின் வாயில்தான்
இந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன்.
இங்கே வாயே இல்லை.
நிறுத்த ஒரு பொத்தானும் இல்லை.
போனில் நிஸ்தார் சிரித்தான்:
"பில்டரைக் கழட்டிப் பாருங்க, பாஸ்."

பிள்ளையின் உதடு நாவற்பழமாகிக்கொண்டு வந்தது.
பிலோமினா ஒன்றும் பேசாமல் பின்னால் போனாள்.
ஆஸ்பத்திரி வேலைக்கு வாங்கின
பெரிய சைஸ் கறுப்பு ஸ்பொஞ்ச் குழாய்;
கத்தியால் கீறி
இரண்டு கை, இரண்டு கால், நாலு துண்டு.
மேலே, வாடிக்கைக்காரரின் சோபா அழுக்காகாமல்
நாங்கள் விரிக்கிற கன்வஸ்.
எண்ணெய் நாற்றம்.
யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
குளிர் என்று ஒன்றை யாரும் செய்வதில்லை.
அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி
வெளியே எறிகிறோம்,
அவ்வளவுதான்.
எங்கே விழுகிறதென்று திரும்பிப் பார்ப்பதில்லை.
அன்றிரவு
அவளுடைய பாதங்கள் இரண்டும் என் வயிற்றில்.
விடியும்வரை நான் வெளி யூனிட்.
எறிந்த சூட்டையெல்லாம் ஒருத்தி
வேண்டி வேண்டி வாங்கிக்கொண்டாள்.
நடுங்கினேன்தான்.
பழைய மெஷின், பிறக்கட் லூஸ்.

விடிய, வாவியில் ஆவி எழும்பும் முன்னமே
இறங்கத் தொடங்கினோம்.
கித்துல்கலையில் ஜன்னலைத் திறந்தாள் பிலோமினா.
அவிசாவளையில்
"அப்பாடா, வேர்க்குது" என்றாள்.
அதைவிட நல்ல வார்த்தையை
அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கொழும்பு முப்பத்துமூன்று.
கறுவாத்தோட்டத்தில் புது அறை, புது மெஷின்.
வெளி யூனிட்டுக்குக் குறித்த இடம்
காவல்காரர் விஜேபாலவின் கதிரைக்கு நேர் மேலே.
கொஞ்சம் அங்கால் தள்ளிப் பூட்டட்டுமா என்று கேட்டேன்.
ஐந்தடி செப்புக் குழாய் கூடும், காசு வேண்டாம்.
சுவரின் வடிவு கெட்டுவிடும் என்றார் அம்மையார்.
குறித்த இடத்திலேயே பூட்டினோம்.
ஆணி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த விஜேபால
கதிரையைத் தூக்கி நாலடி தள்ளிப் போட்டார்,
வெயிலுக்குள்.

ஜெரூஷா மட்டும்
ஒரு கையின் குழாயை இன்னும் கழட்டவில்லை.
சாப்பிடும்போதும், தூங்கும்போதும்.
முழங்கையெல்லாம் வேர்க்குரு.